எழுமாற்று எண்களும் அவற்றுக்கோர் நியமமும்

எமது கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வாண்டில், மலர்க் குழுவினர் எம்மிடமும் ஒரு கட்டுரை வேண்டினர். பழைய மாணவர் பலர் தத்தம் இளமை நினைவுகளைச் சுவைபட எழுதியிருப்பர். யாமோ கரும்பலகையின் முன் நின்று பழகியவர்கள்; ஆதலின் நினைவுரைக்குப் பதிலாக ஒரு பாடத்தையே எழுதத் துணிந்தோம். பாடத்தின் பொருள் கணினியின் அடித்தளத்தில் நிகழும் ஒரு சிறு கருமம். சிறிதாயினும், வெளிநாட்டிலுள்ள மகன் உடப்பிலுள்ள தாய்க்கு அனுப்பும் பணமும், கற்பிட்டியிலிருந்து கொழும்புக்குச் செல்லும் வணிகக் கடிதமும் பிறர் கையிற் சிக்காதிருத்தல் அதனையும் பொறுத்துள்ளது என்பதை வாசகர் முதலிலேயே மனங்கொள்ளல் வேண்டும்.

குலுக்கலும் குடவோலையும்

குலுக்கற் சீட்டை அறியாதார் நம்முள் இலர். பெயர் எழுதிய துண்டுகள் ஒரு பாத்திரத்தில் இடப்படுகின்றன, ஒரு குழந்தை கண்ணை மூடி ஒன்றை எடுக்கின்றது, அவ்வளவே. ஆயினும் இச்சிறு செயலினுள் நான்கு ஐயங்கள் அடங்கியுள்ளன. எல்லோர் பெயரும் இடப்பட்டனவா? துண்டுகள் யாவும் ஒரே தன்மையனவா? எடுத்த கை எதனையும் அறியாது எடுத்ததா? எடுத்த துண்டிலுள்ள பெயர்தானா வாசிக்கப்பட்டது? இந்நான்கினுள் ஒன்று பிழைத்தாலும் குலுக்கல் குலுக்கலாகாது.

இவ்வையங்களை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள உத்தரமேரூர்க் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12 ஆம், 14 ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய இரு கல்வெட்டுகள் உள. அவை கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரியன என அறிஞர் கணிப்பர். ஊரின் முப்பது குடும்புகளிலிருந்தும் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் முறை அவற்றிற் கூறப்பட்டுள்ளது. முதலில் வகுத்த முறையை ஈராண்டின் பின்னர் திருத்தி, இன்னும் விரிவாகச் சபையார் வகுத்தனர் என்பது கவனித்தற்குரியது. கூடியிருப்போர் யாவரும் காணுமாறு குடத்தை உயர்த்திக் காட்டுதல் வேண்டும். உள்ளிருப்பதை அறியாத பாலன் ஒருவனே ஓலையை எடுத்தல் வேண்டும். அதனைப் பெறும் மத்தியத்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசித்தல் வேண்டும். அங்குள்ள நம்பிமாரும் அதனை வாசித்தல் வேண்டும். விரித்த கையில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்தல் இயலாதன்றோ! நேர்மையை மனிதரின் நற்குணத்திடம் மட்டும் விட்டுவிடாது, எழுதப்பட்ட ஒழுங்கின் வசம் ஒப்படைத்தனர். இவ்வாறான ஒழுங்கையே இன்று நியமம் என்கிறோம்.

எழுமாறு என்பது யாது?

முன்கூட்டி அறிய இயலாததையே எழுமாறு என்கிறோம். இதனை மனிதனால் தன் மனத்திலிருந்து படைத்தல் அரிது. வகுப்பில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மாணவரிற் பாதிப் பேரை நாணயத்தை நூறு முறை சுண்டி விளைவை எழுதச் சொல்க. மற்றப் பாதியினரை நாணயமின்றிக் கற்பனையாலேயே எழுதச் சொல்க. தாள்களைக் கண்ட மாத்திரத்தில் ஆசிரியர் அவற்றைப் பெரும்பாலும் பிரித்துவிடலாம். உண்மையான நாணயத்தில் ஐந்து முறை தொடர்ந்து ஒரே பக்கம் விழுதல் நூறு சுண்டல்களுள் பெரும்பாலும் நிகழும். கற்பனையால் எழுதுவோரோ மூன்று பூ வந்தவுடன் அஞ்சி ஒரு தலையை எழுதிவிடுவர்.

மனிதனுக்கு அரிதானது கணினிக்கு இன்னும் அரிது. ஒரே தொடக்கத்திலிருந்து ஒரே கட்டளைகளை நிறைவேற்றினால் ஒரே விடையையே தருதல் அதன் இயல்பு. அதுவே அதன் பெருமையும் ஆகும். ஆதலின் கணினியானது ஒரு சிறு எழுமாற்று எண்ணை வெளியிலிருந்து விதையாகப் பெற்று, கணித முறையால் அதனைப் பெருக்கிக் கொள்கின்றது. விதை இரகசியமாயிருக்கும் வரை விளைவும் இரகசியம். விதையை ஒருவன் அறிந்தால் விளைச்சல் முழுவதையும் அவன் அறிந்தவனாவான்.

விதை கெட்டால் விளைவது

1995 ஆம் ஆண்டில், பேர்க்கிளியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த இயன் கோல்ட்பேர்க், டேவிட் வாக்னர் ஆகிய இருவர், நெற்ஸ்கேப் என்னும் இணைய உலாவியின் விதையை ஆராய்ந்தனர். அது நேரத்தையும் இரண்டு வரிசை எண்களையும் கொண்டு ஆக்கப்பட்டிருந்தது. இவை ஊகித்தற்கு எளியன. ஆதலின் அதன் பூட்டும் எளிதில் திறந்தது. 2006 ஆம் ஆண்டில் டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டில் ஒரு நிரல் வரி நீக்கப்பட்டது. அதன் பயனாக, ஒவ்வொரு வகைச் சாவிக்கும் ஏறத்தாழ 32,768 வாய்ப்புகளே எஞ்சின. இத்தவறு வெளிப்பட்டது 2008 மே மாதத்திலேயே. ஏறக்குறைய இருபது மாதங்கள் உலகெங்கும் பூட்டென நம்பப்பட்டவை பூட்டாகவே இருக்கவில்லை.

மூன்றாவது நிகழ்ச்சி எம் மாணவர் கணக்கிட்டே விளங்கிக்கொள்ளத் தக்கது. ஆர்.எஸ்.ஏ. என்னும் முறையில் இரண்டு பெரிய முதன்மை எண்களின் பெருக்கம் ஊரறிய வெளியிடப்படும், காரணிகள் மறைவாயிருக்கும். பெருக்கத்தைக் காரணிப்படுத்துதல் அரிதென்பதே பூட்டின் வலிமை. இரு கருவிகள் ஒரே விதையிலிருந்து தொடங்கி, ஒரு முதன்மை எண்ணைப் பொதுவாகத் தெரிந்துகொண்டன எனக் கொள்வோம். ஒன்றின் பெருக்கம் 187, மற்றதன் பெருக்கம் 253. யூக்கிளிட்டின் முறையைக் கையாள்க. 253 இலிருந்து 187 ஐக் கழிக்க 66. 187 இலிருந்து 66 ஐ இருமுறை கழிக்க 55. 66 இலிருந்து 55 ஐக் கழிக்க 11. பொதுக் காரணி 11 ஆகும். எனவே 187 என்பது 11, 17 ஆகியவற்றின் பெருக்கம். 253 என்பது 11, 23 ஆகியவற்றின் பெருக்கம். இரு பூட்டுகளும் ஒருங்கே திறந்தன! எண்கள் அறுநூறு இலக்கங்கள் உடையனவாயினும் இம்முறை கணினிக்கு நொடிப்பொழுது வேலையே.

2012 ஆம் ஆண்டில் நடியா ஹெனிங்கர் முதலிய ஆய்வாளர் இணையம் முழுவதையும் துருவி இவ்வாறே கணக்கிட்டனர். பாதுகாப்பான இணைப்பு வழங்கிய பொறிகளில் நூற்றுக்கு 0.50 வீதமானவற்றின் மறைச்சாவிகள் அவர்கள் கையில் வந்து விழுந்தன. பெரும்பாலும் அவை வழிப்படுத்தி போன்ற சிறு கருவிகள். விசைப்பலகையும் சுட்டியும் இல்லாத அக்கருவிகள், பெட்டியிலிருந்து எடுத்து முதன்முறை மின்னூட்டப்பட்ட கணத்திலேயே சாவி செய்யத் தொடங்கின. அக்கணத்தில் அவற்றிடம் எழுமாறு என்பதே இருக்கவில்லை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த காசுகள் போலாயின.

ஊற்றும் உப்பளமும்

அங்ஙனமாயின் நல்ல விதையை எங்கே பெறுவது? இயற்கையிடமே பெறுதல் வேண்டும். மின்சுற்றில் இலத்திரன்கள் வெப்பத்தால் ஓயாது துடிக்கின்றன. அத்துடிப்பினால் எழும் மிகச் சிறு இரைச்சலை அளந்து, பூச்சியம் அல்லது ஒன்று எனக் கொள்ளலாம். இவ்வாறு செய்யும் சிறு சுற்றுகள் இன்றைய சில்லுகள் பலவற்றினுள் அமைக்கப்பட்டுள்ளன. ஆயினும் இயற்கையின் இரைச்சல் தூயதன்று. ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

புத்தளம் கரையில் வாழ்வோர்க்கு இதனை விளக்குதல் எளிது. கடல்நீரேரியின் நீரை அள்ளி அப்படியே உப்பென விற்பார் உண்டோ? நீரை முதற் பாத்தியில் தேக்கிச் செறிவாக்க, முதலிற் கல்சியங் காபனேற்று படிகின்றது. அடுத்த பாத்தியிற் கல்சியஞ் சல்பேற்று படிகின்றது. அதன் பின்னரே மூன்றாம் பாத்தியில் உண்ணும் உப்பு விளைகின்றது. இடையிடையே செறிவை மானி இட்டுப் பார்த்தே நீரைப் பாத்தி மாற்றுவர். எஞ்சிய கைப்பு நீரை அகற்றுவர். எழுமாற்று எண்ணும் அவ்வாறே. இரைச்சலே ஏரிநீர், சோதனையே மானி, செறிவாக்கிய பின் எஞ்சுவதே எந்திரப்பி எனப்படும் தூய எழுமாற்றளவு.

செறிவாக்கும் முறைகளுள் மிக எளியதை ஜோன் வொன் நொய்மன் 1951 இல் எடுத்துரைத்தார். நாணயம் ஒன்று நூற்றுக்கு 60 முறை தலையாக விழும் எனக் கொள்க. இரண்டிரண்டாகச் சுண்டுக. தலையும் பின் பூவும் வரின் பூச்சியம். பூவும் பின் தலையும் வரின் ஒன்று. இரண்டும் ஒரே பக்கமாயின் விட்டுவிடுக. முதலாவதன் நிகழ்தகவு 0.6 ஐ 0.4 ஆற் பெருக்க 0.24, இரண்டாவதன் நிகழ்தகவும் அதே 0.24. கோணலான நாணயத்திலிருந்து நேரான விளைவு கிடைத்தது. விலையாகச் சுண்டல்களிற் பாதிக்கு மேல் இழந்தோம். உப்பளத்தில் நீரில் பெரும்பகுதியை வெயிலுக்குக் கொடுப்பது போல.

சோதனையும் இன்றியமையாதது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியம, தொழினுட்ப நிறுவகம் 2018 இல் வெளியிட்ட 800-90 பி என்னும் ஆவணம், ஊற்று இயங்கிக்கொண்டிருக்கையிலேயே இரு சோதனைகள் நடைபெறல் வேண்டும் என விதிக்கின்றது. ஒரே பெறுமானம் அளவுக்கு மீறித் தொடர்ந்து வருகின்றதா என்பது ஒன்று. ஒரு பெறுமானம் மற்றவற்றினும் மிகையாக வருகின்றதா என்பது மற்றொன்று. இதன் தேவை 2019 இல் வெளிப்பட்டது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் அவ்வாண்டுப் புதிய முறைவழியாக்கிகள் சில, எழுமாற்று எண் கேட்டபோதெல்லாம் "வெற்றி" என அறிவித்துவிட்டு, எல்லாப் பிற்றுகளும் ஒன்றாகவுள்ள ஒரே எண்ணையே கொடுத்தன. லினக்ஸ் வெளியீடுகள் சில அவற்றில் தொடங்கவே மறுத்தன. பின்னர் நிலைபொருளைத் திருத்தி அக்குறை நீக்கப்பட்டது.

மூலத்தானமும் வாயிலும்

இனிக் கட்டுரையின் மையத்துக்கு வருவாம். கணினியில் எல்லா நிரல்களுக்கும் மேலாளராய் இருப்பது பணிசெயல் முறைமை. அதன் உள்ளீடான பகுதியைக் கருநிரல் என்போம். தொழில் வல்லார் கேர்னல் என்பர். எழுமாற்று எண்களைச் சேர்த்து எல்லோர்க்கும் பங்கிடுபவர் இவரே. லினக்ஸ் கருநிரலில் இதற்கான பகுதியைத் தியடோர் சோ என்பார் 1994 இல் அமைத்தார். விசை அழுத்தும் நேரம், வட்டு சுழலும் நேரம் ஆகிய சிறு வேறுபாடுகளை அது சேகரித்தது. சிறு கருவிகளில் அவ்வாறு சேகரிக்க முதற் கணத்தில் ஒன்றுமில்லை என்பதை மேலே கண்டோம்.

சில்லினுள் ஊற்று இருக்கின்றதே, அதனை நேரே கேட்டாலென்ன எனின், ஈண்டே இடர்ப்பாடு எழுகின்றது. நம் கையிலுள்ள தொலைபேசிகளிற் பெரும்பாலானவை ஆர்ம் என்னும் கட்டமைப்பைச் சார்ந்தவை. ஆர்ம் நிறுவனம் வடிவமைக்கின்றது. சில்லுகளை ஆக்குவோர் பலர். ஒவ்வொருவரும் தத்தம் ஊற்றை வெவ்வேறிடத்தில், வெவ்வேறு முறையில் அமைத்தனர். கருநிரலோ ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இயக்கியை வைத்திருத்தல் வேண்டும். அவ்வியக்கிகள் விழித்தெழுமுன்னரே எழுமாற்று எண் தேவைப்படுகின்றது. ஏனெனில், பகைவன் தன்னிடத்தை அறியாதிருக்கும் பொருட்டுக் கருநிரல் எழும்போதே நினைவகத்தில் எழுமாறாக ஓரிடத்தைத் தெரிந்து அமர்கின்றது.

மேலும் ஒரு தடையுண்டு. இவ்வகைச் சில்லில் அதிகாரப் படிகள் நான்கு. கீழ்ப்படியில் நம் செயலிகள்; அதன் மேல் கருநிரல்; அதற்கும் மேல் மெய்ந்நிகர்ப் பொறிகளை மேற்பார்க்கும் நிரல்; உச்சியிற் பாதுகாப்பு நிலைபொருள். சாவிகளைக் காக்கும் பொறுப்பு நிலைபொருளுடையதாதலின், எழுமாற்று ஊற்றையும் பலர் அதன் அறையினுள்ளேயே வைத்துப் பூட்டினர். கருநிரல் அங்கே செல்ல இயலாது. கோயிலுக்குச் செல்லும் நாம் மூலத்தானத்தினுள் நுழைவதில்லை. வாயிலில் நின்று கேட்கிறோம், குருக்கள் உள்ளிருந்து திருநீறு கொணர்ந்து தருகிறார். கருநிரலின் நிலையும் அதுவே. குறை யாதெனின், வாயிலில் நின்று எவ்வாறு கேட்பது என்பதற்குப் பொது ஒழுங்கு இல்லாதிருந்தமையாகும்.

நான்கு கேள்விகள்

இக்குறையை நீக்க, ஆர்ம் நிறுவனம் மெய்யெழுமாற்று எண்ணாக்கிக்குரிய நிலைபொருள் இடைமுகம் என்னும் ஆவணத்தை வெளியிட்டது. அதன்படி, கருநிரல் கேட்கத்தக்க கேள்விகள் நான்கே. முதலாவது, "நீர் பின்பற்றுவது நியமத்தின் எப்பதிப்பு?" இரண்டாவது, "இன்ன செயல் உம்மிடம் உண்டா?" மூன்றாவது, "நீர் யார்?" இதற்கு விடையாக அவ்வமைப்புக்கே உரிய அடையாள எண் ஒன்று கிடைக்கும், ஒரு குறிப்பிட்ட அமைப்பிற் குறை கண்டால், அதனை இனங்கண்டு விலக்குவதற்கு இது உதவும். நான்காவதே உயிரானது: "இத்தனை பிற்று எந்திரப்பி தருக."

விடை முறையும் திட்டமாக வகுக்கப்பட்டுள்ளது. முறைவழியாக்கியின் பதிவகம் ஒன்றில் நிலைமை முதலிற் கூறப்படும். அடுத்த மூன்று பதிவகங்களில் எண் வைக்கப்படும். 32 பிற்று அழைப்பாயின் ஒருமுறை கிடைப்பது மிகக்கூடியது 96 பிற்று. 64 பிற்று அழைப்பாயின் 192 பிற்று. இவை மூன்று பதிவகங்களின் கொள்ளளவே என்பதை மாணவர் பெருக்கிக் காண்க. விரித்த உள்ளங்கை போன்றவை இப்பதிவகங்கள். எவ்விடத்தில் யாது வைக்கப்படும் என்பது இரு திறத்தார்க்கும் முன்னரே தெரியும். நிலைபொருளிடம் எந்திரப்பி தீர்ந்திருந்தால், "இப்போது இல்லை" என அது உடனே சொல்லுதல் வேண்டும். பொய்யாக ஓர் எண்ணைக் கொடுத்தலும் ஆகாது. கேட்டவரை முடிவின்றிக் காக்கவைத்தலும் ஆகாது. இல்லை என்பதை இல்லை என்றே சொல்லும் இவ்வொழுங்கு, எம் கருத்தில், இந்நியமத்தின் தலையாய அறம். நெற்ஸ்கேப் முதல் சிறு வழிப்படுத்திகள் வரை கெட்டனவெல்லாம், இல்லாததை உண்டெனக் காட்டியே கெட்டன.

2021 ஏப்பிரலில் வெளிவந்த லினக்ஸ் 5.12 ஆம் பதிப்பு இக்கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொண்டது. தன் மேல் ஓடும் மெய்ந்நிகர்ப் பொறிகள் இதே கேள்விகளைக் கேட்பின் விடையளிக்கவும் அப்பதிப்பிலேயே வழி செய்யப்பட்டது. இதனாற் கருநிரலை எழுதுவோர், சில்லுக்கொரு முறை கற்றல் வேண்டாதவராயினர். சில்லாக்குவோரும் தம் ஊற்றின் உள்ளமைப்பை வெளியிடாமலே பயன்கொடுத்தல் இயல்வதாயிற்று.

ஐயமும் விடையும்

கூரிய மாணவன் ஒருவன் இவ்விடத்தில் எழுந்து வினவுவான்: "ஐயா, உத்தரமேரூரிற் குடத்தை யாவரும் கண்டனர். இங்கோ குடம் பூட்டிய அறையினுள் இருக்கின்றது. உள்ளிருப்பவர் தமக்குத் தெரிந்த எண்ணையே எழுமாற்று எண்ணெனத் தந்தால் யாது செய்வோம்?"

வினா நியாயமானதே. ஊர்த் தேர்தலுக்கு வேண்டியது எல்லோரும் காணும் எழுமாறு. சாவிக்கு வேண்டியதோ எவரும் காணாத எழுமாறு. ஆகையால் குடத்தை வெளியே கொணர்தல் இங்கு இயலாது. 2013 இல் அமெரிக்க உளவு நிறுவனங்களின் செயல்கள் வெளிப்பட்டபோது, சில்லினுள் அமைந்த எழுமாற்றாக்கிகளை நம்பலாமா என்னும் விவாதமும் வலுத்தது. இந்நியமமும் கேட்கும் முறையையும் விடையின் தரத்தையும் வகுக்கின்றதேயன்றி, விடை கூறுவோரின் மனத்தைத் திறந்து காட்டுவதில்லை. அதனை மறைத்தல் நேர்மையாகாது.

ஆயினும் பரிகாரம் உண்டு. ஒரே ஊற்றை நம்பாது பல ஊற்றுகளைக் கலத்தலே அது. எமக்கு ஒருவர் ஒரு பிற்றுத் தருகிறார். அவரை நம்ப இயலவில்லை. எம்மிடம் நாமே சுண்டிய நாணயத்தின் பிற்று ஒன்றுண்டு. இரண்டும் ஒன்றாயின் பூச்சியம், வேறாயின் ஒன்று எனக் கொள்வோம். அவர் எதனைத் தந்திருப்பினும், எம் நாணயத்தை அவர் காணாதவரை விளைவை அவர் அறியார். கருநிரல் இதனினும் வலிய கலவை முறைகளால், நிலைபொருள் தந்ததையும் தான் சேகரித்ததையும் ஒன்றாக்குகின்றது. ஒன்றேனும் நன்றாயின் முழுதும் நன்றாம். நிலைபொருளின் கொடை முதற் கணத்து வறுமையைப் போக்குகின்றது. மற்றவை நாளடைவில் அதற்குக் காப்பாகின்றன.

முடிவுரை

2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கற் சட்டம், மின்னியல் ஒப்பத்தை நம் நாட்டில் ஏற்புடையதாக்கிற்று. அன்று மையினால் இட்ட ஒப்பத்தை இன்று எண்ணினால் இடுகிறோம். அவ்வெண் பிறந்த இடம் ஏதெனக் கேட்பார் சிலரே. கேட்கும் பழக்கம் நம் மாணவர்க்கு வருதல் வேண்டும் என்பதே எம் ஆசை. வழிப்படுத்தி ஒன்றை வாங்கும் கடைக்காரரும், அலுவலகத்துக்குக் கருவி தெரிவு செய்யும் பழைய மாணவரும், "இது விழித்தெழும்போது எழுமாற்று எண்ணை எங்கிருந்து பெறுகின்றது? இல்லையெனின் இல்லை என்று சொல்லுமா?" என இரு கேள்விகளைக் கேட்பாராயின், இப்பாடம் பயன் தந்ததாகும்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்ச் சபையார், தம் ஒழுங்கிலே குறை கண்டு ஈராண்டில் அதனைத் திருத்திக் கல்லில் வெட்டினர். இன்றைய பொறியியலாளரும் தவறு கண்டு, திருத்தி, நியமமாக எழுதுகின்றனர். திருத்த அஞ்சாமையும், திருத்தியதை யாவர்க்கும் பொதுவாக எழுதிவைத்தலுமே கல்வியின் வழி. இக்கல்லூரியில் யாம் கற்றதும் கற்பித்ததும் அதுவே. வருங்கால மாணவர் இத்துறையிற் புகுந்து, நியமங்களைப் பயில்வோராக மட்டுமன்றி வகுப்போராகவும் விளங்குவாராக.